எபிசோடுக்கு எத்தனை புஞ்சம்

சுபலட்சுமி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை என்று ஆரணி கொசப்பாளையத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பேர் என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இந்த விவகாரத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருந்தவன் நான் ஒருவன்தான். பாதியைக் கெடுத்தவனும் நானே என்பதால் விவரம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். என் பெயர் சிவகுமார். செல்போன் ரீசார்ஜ், ஹெட்போன், சார்ஜர், கைக்கடிகாரத்துக்கு பேட்டரி என்று எல்லாவற்றையும் எட்டடிக்கு ஆறடி கடைக்குள் அடைத்து வைத்து விற்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புவார். அக்காவின் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு, குறுக்கே நெய்வது ஊடை. தறியில் பழைய பாவு தீரும்போது அதன் கடைசி முழத்தை அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் எடுத்து, பழைய இழையின் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பட்டுப் புடவைப் பாவில் நாலாயிரத்து எண்ணூறு இழை. நூற்றிருபது இழை ஒரு புஞ்சம் என்பது கணக்கு, ஆக நாற்பது புஞ்சம். அத்தனையும் முறுக்கி முடிக்கும் வரை தறி சும்மா கிடக்கும். அதனால்தான் பாவு பிணைக்கிறவரை நெசவாளி அழைக்கும்போது கூலியைக் கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பான்.

அந்தக் கேள்விக்கு அக்கா மணிக்கணக்கில் பதில் சொன்னதே கிடையாது.

"இருவது எபிசோடு" என்பார்.

துருக்கி நாட்டுத் தொடர் ஒன்று தமிழில் பேச வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நகைக்கடைக் குடும்பம், மூன்று மருமகள்கள், ஒரு உயில், முந்நூற்றுச் சொச்சம் எபிசோடு. ஒவ்வொன்றும் சரியாக இருபத்திரண்டு நிமிடம். போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அக்கா வேலையில் உட்கார்ந்தால், ஒரு எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். விரலெல்லாம் சாம்பல், பிடித்த இழையை விட முடியாது, அதனால் போனைத் தொடவே கூடாது. இலவசமாகப் பார்த்த காலத்தில் நடுவில் வரும் விளம்பரத்தை அக்கா மூக்கு நுனியால் தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வருடத்துக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கட்டணத் திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"வெளம்பரம் வராதே?" என்று மூன்று முறை கேட்டார்.

"வரவே வராதுக்கா. அதுக்குத்தான காசு" என்று மூன்று முறையும் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எபிசோடுக்கு இரண்டு புஞ்சம், இருபது எபிசோடுக்கு ஒரு பாவு. தெருவுக்கே அந்த அளவு பழகிவிட்டது. சோறு எப்போது ஆகும் என்று கேட்டால் "ஒரு எபிசோடு" என்பார்கள். அக்கா பாவு பிணைக்கிற நாளில் அந்த வீட்டு நெசவாளி முடிவெட்டிக்கொள்ளவோ, படவேட்டில் அம்மனைக் கும்பிடவோ கிளம்பிவிடுவான். திரும்பி வந்ததும் "எத்தனாவதுல கீறீங்க?" என்றுதான் கேட்பான்.

போன ஆனி மாதம் தொடரைக் காட்டுகிற கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்களுக்கு மேலும் சிறந்த அனுபவத்தை வழங்கும் பொருட்டு இனி நிகழ்ச்சிகளுக்கு நடுவே குறைந்த அளவில் விளம்பரங்கள் இடம்பெறும் என்று எழுதியிருந்தான். விளம்பரம் வேண்டாதவர்கள் மாதாமாதம் கூடுதலாகக் கட்டி மேல்திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாமாம். நம் வீட்டுக்குள் திருடன் வரப்போவதை மரியாதையாக முன்கூட்டிக் கடிதம் போட்டுச் சொல்கிற காலம் இது. அக்கா அதைப் படிக்கவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, விரலில் சாம்பலோடு, இடுப்பில் செருகிய முந்தானையோடு கடைக்கு வந்து நின்றார்.

"தம்பி, மாமியார்க்காரி உயில் எங்க கீதுன்னு சொல்ல வாயத் தொறக்கறா. அந்த நேரம் பாத்து கக்கூஸ் கழுவற மருந்து வருது. இன்னாது இது?"

நான் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலையவிட்டு, பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள். தேன் மாதிரிக் குரல்.

"மேடம், உங்க திட்டத்துல விளம்பரம் கெடையாதுங்க. நீங்க பாக்கறது பார்ட்னர் செய்திங்க."

"செய்தியா? கக்கூஸ் மருந்துல இன்னாம்மா செய்தி?"

"அது உங்க அனுபவத்த மேம்படுத்தறதுக்காகங்க மேடம்."

"நான் காசு கட்டனது வெளம்பரம் வராம இருக்கறதுக்கு. இப்ப அது வருது. அப்ப காசு எதுக்கு?"

"மாசம் நூத்தித் தொண்ணூத்தொம்பது கூடக் கட்டினீங்கன்னா வராதுங்க மேடம்."

"அதுக்கப்புறமா வந்தா?"

அதற்கு அந்தப் பெண், இந்த அழைப்பில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் மேல்திட்டம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சார்ஜர்களை எண்ண ஆரம்பித்தேன்.

"ஒரு தபா குடுத்ததுக்கு மறுபடியும் குடுக்க மாட்டேன். நான் காசு கட்டனது அது இல்லாம இருக்கறதுக்கு. அதனால அது இல்ல. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது கொள்கை. அன்றிலிருந்து விளம்பரம் ஓடுகிற நேரத்தை அக்கா நேரமாகவே மதிக்கவில்லை. தொடர் ஓடும்போது அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்ப்பவர், விளம்பரம் வந்தவுடன் குனிந்துகொள்வார். மெத்தை, கடன் தரும் ஆப், பிரஷர் குக்கர், நெசவாளரிடமிருந்தே நேரடியாக வாங்கியதாகச் சத்தியம் செய்யும் புடவைக்கடை, எதற்கும் நிமிர மாட்டார். கை மட்டும் தன் பாட்டுக்கு முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு எபிசோடில் இப்படி ஏழு நிமிடத்துக்கு மேல் போனது. அக்கா கணக்கில் அது ஓடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. அக்காவுடைய வேகம் கூடியது.

எபிசோடுக்கு இரண்டு புஞ்சம் பிணைத்தவர் மூன்று எபிசோடுக்கு எட்டுப் புஞ்சம் பிணைத்தார். இருபது எபிசோடு பாவு பதினைந்தில் முடிந்தது. முதலில் தங்கவேலு வீட்டில் இதைக் கவனித்தார்கள். அவர் நெசவாளி, பேச்சை அடக்கத் தெரியாதவர். இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோபத்தில் கை வேகமாகிறது என்று சிலர் சொன்னார்கள். விளம்பரம் மூளையைச் சுறுசுறுப்பாக்குவதாக எங்கோ படித்ததாக ஒருத்தர் சொன்னார். காலையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, நடுவில் சாப்பிட்டுவிட்டு, சாயந்திரம் ஐந்துக்கு எழுந்திருக்கிறவர் இப்போதும் அதே ஒன்பதுக்கு உட்கார்ந்து அதே ஐந்துக்குத்தான் எழுந்திருக்கிறார் என்பதை யாரும் பார்க்கவில்லை. இருபது பதினைந்தாகிவிட்டது, அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? அக்காவும் நம்பினார். நடையே மாறிவிட்டது. இருபத்தாறு வருடம் முறுக்கி இந்த வயதில் வேகம் கூடியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

எனக்கும் பெருமை. தெருவில் எட்டுப் பேர் வந்து, அக்கா பார்க்கிற அதே திட்டம் வேண்டும், விளம்பரம் வருகிற திட்டம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். காசு கொடுத்து விளம்பரம் வாங்க மக்கள் வரிசையில் நின்ற ஒரே கடை இந்தியாவில் என்னுடையதாகத்தான் இருக்கும். நான் ஒரு அட்டையில் 'பதினைந்து எபிசோடு சுபா அக்கா பார்க்கும் திட்டம் இங்கே கிடைக்கும்' என்று எழுதி வெளியே மாட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "என் பேரெல்லாம் எதுக்குடா" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆவணியில் ஒருநாள் வேடியப்பன் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற வந்தார். அவரும் பாவு பிணைக்கிறவர்தான். அறுபது வயது இருக்கும். போன் பார்க்க மாட்டார், ரேடியோ கேட்க மாட்டார், பேசக்கூட மாட்டார். வேலை செய்யும் இடத்தில் கடிகாரத்தைக் கழற்றி எதிரில் மாட்டிக்கொண்டு உட்காருவார். புஞ்சத்துக்குப் பதினாலரை நிமிடம் ஆகும் அவருக்கு. நான் கடிகாரத்தைத் திறந்தபோது அவர் அட்டையைப் படித்தார்.

"அந்தம்மா வேகமெல்லாம் ஆவல. அதே அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருக்குது. எபிசோடுதான் நீண்டு போச்சு" என்றார்.

அவர் போனதும் கால்குலேட்டரை எடுத்தேன். இருபதை இருபத்திரண்டால் பெருக்கினால் நானூற்று நாற்பது நிமிடம். விளம்பரத்தோடு ஒரு எபிசோடு இருபத்தொன்பது நிமிடம் சொச்சம், அதைப் பதினைந்தால் பெருக்கினாலும் அதே நானூற்று நாற்பது. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், இரண்டு தரமும் மாறவில்லை. அன்று காலையில் மட்டும் நான்கு திட்டம் விற்றிருந்தேன். கால்குலேட்டரை அணைத்து மேசைக்குள் வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் கமலக்கண்ணன் முதலாளி ஆள் அனுப்பினார். பன்னிரண்டு தறி வைத்து நடத்துகிறவர். அதுவரை அவர் வீட்டுப் பாவுகளைப் பெரும்பாலும் பிணைத்தது வேடியப்பன்தான். முதலாளி அக்காவை உட்கார வைத்து, இனி பன்னிரண்டு தறிக்கும் நீயே வந்துவிடு என்றார். இது சின்ன விஷயம் இல்லை. பாவு பிணைக்கிறவர்கள் தினமும் காலையில் யார் வீட்டிலிருந்து ஆள் வரும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறவர்கள். பன்னிரண்டு தறி இருந்தால் வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். அக்காவுக்கு முட்டிவலி வேறு. தெருத்தெருவாக நடக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

"ஆனா மொதல் பாவு புதன்கெழம" என்றார் முதலாளி. "செய்யார் பார்ட்டி, மூர்த்தப் பொடவ. பொண்ணோட அம்மா வந்து நின்னு, சூடம் ஏத்தி, அவங்க கண்ணு முன்னாடி மொதல் ஊட போடணும். பன்னெண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி பாவு ரெடியா இருக்கணும். முடியுமா?"

"பதினஞ்சு எபிசோடு" என்றார் அக்கா.

முதலாளி விரல் விட்டுப் பார்த்தார். அவர் வீட்டிலும் அதே தொடர்தான் ஓடுகிறது, ஆனால் மாதாமாதம் கூடுதலாகக் கட்டி விளம்பரமில்லாமல் பார்க்கிறவர்கள். அவருக்கு எபிசோடு என்றால் இருபத்திரண்டு நிமிடம். பதினைந்தும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். ஆறுக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். செய்யாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அங்கேதான் இருந்தேன். அக்காவுக்கு மரியாதை செய்வதற்காகத் தறிக்கூடத்தில் பெரிய டிவியை மாட்டி, முதலாளி வீட்டுக் கணக்கிலேயே தொடரைப் போட்டுக் கொடுக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். என்ன ஆகிவிடப் போகிறது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை சரியாக ஆறுக்கு அக்கா தறியில் உட்கார்ந்தார். பக்கத்துத் தறியில் வேடியப்பன் அந்த வீட்டில் தன்னுடைய கடைசிப் பாவைப் பிணைக்க வந்து, எப்போதும்போலக் கடிகாரத்தை எதிரில் மாட்டினார். டிவியில் நகைக்கடைக் குடும்பம் சுவர் அளவுக்கு நின்றது. விளம்பரம் இல்லை. மாமியார் பேச ஆரம்பித்தால் பேசி முடித்தார்.

"ராஜா வூட்டு வேல மாதிரி கீதுடா" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

எட்டேகாலுக்கு முதலாளி போன் செய்தார். "ஜல்தி வாப்பா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. ஆறு எபிசோடு முடிந்திருக்கிறது, பதினாறு புஞ்சம் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் இருந்தது. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"கை போயிடுச்சு தம்பி" என்றார் அக்கா. குரல் மெதுவாக வந்தது. "முறுக்கிகினுதான் கீறேன், ஏற மாட்டேங்குது. பழயபடி ரெண்டு புஞ்சத்துக்கே வந்துட்டேன். இன்னாச்சுன்னே தெரியல." முறுக்குவதை மட்டும் நிறுத்தவே இல்லை. பிறகு டிவியைக் கண்ணால் காட்டினார். "இதுல வெளம்பரம் இல்ல. அதான். எனக்கு வெளம்பரத்த போடு."

நான்கு மாதம் எந்த விளம்பரத்தைத் திட்டித் தீர்த்தாரோ அதையே கேட்கிறார். முதலாளியும் "போட்டுத் தொலப்பா" என்றார். நான் ஒரு வார்த்தை பேசாமல் அவர் வீட்டு மேல்திட்டக் கணக்கை எடுத்துவிட்டு அக்காவின் கணக்கைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் கக்கூஸ் மருந்து வந்தது. தறிக்கூடத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது போல் இருந்தது.

மூன்று எபிசோடு ஓடின. எட்டுப் புஞ்சம் ஏறியது.

"பாத்தீங்களா" என்றார் அக்கா. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மணி பத்தாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. முதலாளி மீதியைக் கணக்குப் போட்டார். இன்னும் ஏழு எபிசோடு, ரெண்டரை மணி நேரம், அப்படியானால் பன்னெண்டு இருபது. ராகுகாலத்தில் முதல் ஊடையா? செய்யாரிலிருந்து கார் புறப்பட்டுவிட்டது. அவர் அப்படியே ஊடை சுற்றும் ராட்டை மேல் சாய்ந்துகொண்டார்.

"பன்னெண்டு இருவது இல்ல மொதலாளி. ஒண்ணு இருவது" என்றது பக்கத்துத் தறி.

வேடியப்பன் அன்று முழுக்கப் பேசிய முதல் வார்த்தை அது. எழுந்து வந்தார்.

"காலைல ஆறுலேந்து பாத்துகினு கீறேன். இந்தம்மாவுக்குப் புஞ்சத்துக்குப் பதினோரு நிமிஷம். டிவி சுத்தமா ஓடனப்பவும் பதினொண்ணு, வெளம்பரம் ஓடனப்பவும் பதினொண்ணு. போன வருஷமும் பதினொண்ணு. அந்தப் பொட்டிலதான் நீளுது, சுருங்குது."

"அப்ப நான் வேகமாவே ஆவலயாண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"ஆவல. மெதுவாவும் ஆவல. இத நான் ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னேன். சிவா கடைல. கால்குலேட்டர எடுத்து வச்சுகினாரே, போட்டுப் பாக்கலயா?"

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளி பார்த்தார். டிவியில் ஒரு பெண் மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன், அதுவே அவர்களுக்குப் பதிலாகப் போய்விட்டது.

வேடியப்பன் தறியின் இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்தார். சாம்பல் கிண்ணத்தை இழுத்து நடுவில் வைத்தார். "இந்த ஓரத்துலேந்து நான் வரேன். நீங்க அங்கேந்து வாங்க. அந்தக் கருமத்த நிறுத்துங்க" என்றார்.

நான் டிவியை அணைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தில் சத்தமே இல்லை. பன்னிரண்டு தறியைப் பிடுங்கிக்கொள்ள வந்தவளுக்காகப் பன்னிரண்டு தறியை இழக்கப்போகிறவர் இழை முறுக்குகிறார். நான் ஏன் கிளம்பாமல் நின்றேன் என்று தெரியவில்லை. அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் அவர் வேலையை ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. எடுப்பது, தொடுவது, முறுக்குவது, விடுவது. அவமானப்பட்டு முகம் சிவந்திருந்தபோதும் அந்தக் கை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இதை விட்டுவிட்டுப் போயும் போயும் எபிசோடை எண்ணிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு இரண்டு பேருடைய கைகளும் நடுவில் வந்து சேர்ந்தன. செய்யார் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதல் ஊடை விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு.

முதலாளி கோபக்காரர், ஆனால் கணக்குத் தெரிந்தவர். புஞ்சத்துக்குப் பதினோரு நிமிடம் என்று அடித்துச் சொல்லக்கூடிய கை ஆரணியில் வேறு எது என்று கேட்டார். இனி ஆளுக்கு ஆறு தறி, அவசரப் பாவு வந்தால் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும், நேரத்தை வேடியப்பன் கடிகாரம் சொல்லும் என்று தீர்த்து வைத்தார். அக்கா சரி என்றார். தறிக்கூடத்தைவிட்டு வெளியே வரும்போது என்னை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போனார்.

சாயந்திரம் ஆறு மணிக்குக் கடைக்கு வந்தார். கம்பெனி பஸ்கள் வந்து சேரும் நேரம், கடையில் கூட்டம். நான் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தெரிஞ்சப்புறம் எத்தினி பேருக்கு வித்த?"

"பத்தொம்பது" என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"ஊரே என்னப் புகழ்ந்துகினு இருந்துச்சு. நானும் நம்பிகினு இருந்தேன். உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது. காலைல கை போயிடுச்சுன்னு நெனச்சு எப்பிடிப் பதறனேன் தெரியுமா? நாளைக்கு எவன் கூப்பிடுவான்? நீ பக்கத்துல நின்னுகினு வெளம்பரத்தப் போட்டுக் குடுக்கற." வெளியே தொங்கிய அட்டையைக் காட்டினார். "வெளம்பரம் வேணாம்னு காசு கட்டனவ நான். கடசில நானே உன் கடைக்கு வெளம்பரமா ஓடிகினு இருந்திருக்கேன்."

நான் மன்னித்துவிடுங்கள் என்றேன். அட்டையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன், அவர் முன்னாலேயே கழற்றினேன்.

"கழட்டிக்கோ. ஆனா ரெண்டு மாசம் ஓடுச்சு இல்ல? இனிமே நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு வருகிறார். நான் ஒரு வாடிக்கையாளரிடம் சரியாக விலை சொல்ல வாயைத் திறக்கும் நேரம் பார்த்து நடுவில் புகுவார். சிரித்த முகமாக, ரொம்ப மரியாதையாக, என்ன வாங்க வந்தீங்க என்று விசாரித்துவிட்டு ஆரம்பிப்பார். எபிசோடு எப்படி நீண்டது, கால்குலேட்டர் எங்கே வைக்கப்பட்டது, புதன்கிழமை என்ன நடந்தது, எல்லாம் முதலிலிருந்து வரும். ஏழு நிமிடம். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. தள்ளிவிட முடியாது. பாதியில் வந்தவர்களுக்காகச் சில நாள் மறுபடியும் ஓடும். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் ரீசார்ஜ்கூடச் செய்யாமல் போகிறார்கள்.

போன வாரம் என்னால் முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு அந்த மேல்திட்டத்த நானே போட்டுத் தரேன். மாசாமாசம் நானே கட்றேன். எவ்ளோ வேணும்னாலும் தரேன்க்கா. இத மட்டும் நிறுத்திடுங்க."

அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். கோபம் எதுவும் இல்லை அவர் முகத்தில்.

"காசு குடுத்தாலும் வரும் தம்பி" என்றார்.